டேவிட் டேவிஸ்: நீதிபதியா, லிங்கனின் ஆளா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 2

1860-ல் லிங்கனை வேட்பாளராக்கிக் காட்டியது டேவிட் டேவிஸ். லிங்கன் ஜனாதிபதியானார், டேவிஸுக்கு உச்ச நீதிமன்றத்தில் நாற்காலி கிடைத்தது. இவரை நீதிபதி என்று சொல்வதா, கட்சிக்காரர் என்று சொல்வதா? குடும்பக் காகிதங்களைப் பெட்டி பெட்டியாகப் பாதுகாக்கிறார்களாம். அதில் அப்படி என்ன இருக்கிறது? இல்லினாய் பக்கம் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 2, இரவு

ஆள்தான். அதில் என்ன சந்தேகம்.

நான் ப்ளூமிங்டனில் இன்ஷூரன்ஸ் வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் நம் ஆட்கள் பாதிப் பேர் அதற்குத்தான் வந்தவர்கள். டேவிஸ் கட்டிய மாளிகை என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிஷம். முதல் ஐந்து வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன கோடையில் மாமனார் வந்தார். சோளக்காட்டை எத்தனை நாள்தான் காட்டுவது என்று அங்கே கூட்டிப்போனேன். மாமனார் முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டுக் கட்டாகக் காகிதம் பார்த்த கை.

மஞ்சள் செங்கல், மூன்று மாடி, நடுவில் ஒரு கோபுரம். லிங்கன் ஏறி இறங்கிய படிக்கட்டு ஆயிற்றே என்று கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே மேலே போனேன். மீதி நாளை.

பிப்ரவரி 3

படிக்கட்டை வாபஸ் வாங்குகிறேன். நேற்று அரைத்தூக்கத்தில் எழுதியது. லிங்கன் சுடப்பட்டது 1865 ஏப்ரலில். இந்த மாளிகை கட்டி முடிந்தது 1872-ல். லிங்கன் வந்து தங்கியது இதே இடத்தில் முன்பு இருந்த வீட்டில். ஜெஸ்ஸி ஃபெல் என்ற நண்பரிடமிருந்து டேவிஸ் வாங்கிய வீடு அது, இப்போது இல்லை.

வழிகாட்டி அன்றைக்கே இதைச் சொன்னாராம். நான் கவனிக்கவில்லை, மாமனார் கவனித்திருக்கிறார். ராத்திரி வாட்ஸாப்பில், "மாப்பிள்ளை, தேதியைப் பாக்காம டாக்குமெண்ட் எழுதக் கூடாது" என்று செய்தி.

பிப்ரவரி 5

கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டேவிஸ் பிறந்தது 1815-ல், மேரிலாந்து மாநிலத்தில். அவர் பிறக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ஒஹாயோவில் கென்யன் கல்லூரியில் படிப்பு. அப்புறம் மாசசூசெட்ஸில் லெனாக்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வக்கீலிடம் தொழில் பழகினார். அங்கேதான் நீதிபதி வில்லியம் வாக்கரின் மகள் சாராவைப் பார்த்தது. 1835-ல் மேற்கே இல்லினாய்க்கு வந்தார். முதலில் பீகின், மறுவருஷம் ப்ளூமிங்டன். கையில் காசு சேர்ந்து, போய்க் கல்யாணம் செய்து கூட்டிவர 1838 ஆகிவிட்டது.

அந்தக் காத்திருப்புதான் நமக்கு லாபம், கடிதங்கள் கிடைத்தன. அந்தக் காலத் தபால் கட்டணத்தைப் பார்த்தால்தான் ஒரு கடிதத்தின் பெறுமானம் தெரியும். 1845 வரை எடைக்குக் காசு இல்லை, தாளுக்குக் காசு. 400 மைலுக்கு மேல் போனால் ஒரு தாளுக்கு 25 சென்ட். உறை போட்டால் அதுவும் ஒரு தாள் கணக்கு. அதனால் உறையே கிடையாது. தாளையே மடித்து, அரக்கு வைத்து, முதுகில் முகவரி எழுதுவார்கள். பலரும் நேராக எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பி, அதே வரிகளின் மேல் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். அப்படி ஒரு பழைய கடிதத்தின் நகலை (டேவிஸுடையது அல்ல) நான் படிக்க முயன்றேன். கம்பி வலைக்குப் பின்னால் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். கடைசியில் தெரிந்தது, யாருக்கோ ஜலதோஷம்.

1851-ல் அதே கடிதம் 3 சென்ட்டுக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 5, சற்றுப் பிறகு

ஒருவர் கேட்டிருக்கிறார்: "அவர் உடம்பு 300 பவுண்டாமே?" ஆமாம், அதற்கு மேலும் சொல்வார்கள். டேவிஸுக்குக் கால்சட்டை தைக்க டெய்லர் போதாது, சர்வேயர் வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே கேலி உண்டு. விடுதிகளில் வக்கீல்கள் ஒரு கட்டிலில் இரண்டு பேர், மூன்று பேர் என்று படுத்த காலம் அது. நீதிபதிக்குத் தனிக் கட்டில். அந்தஸ்தும் காரணம், அளவும் காரணம்.

பிப்ரவரி 9

மாமனார் அந்த மாளிகையில் கேட்ட ஒரே கேள்வி: "இந்த ஜட்ஜுக்குச் சம்பளம் என்ன?"

இல்லினாயில் 1848 அரசியலமைப்புப்படி வட்டார நீதிபதிக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். பதவியும் நியமனம் இல்லை, தேர்தல். ஜனங்கள் ஓட்டுப் போட்டு நீதிபதியைத் தேர்ந்தெடுப்பார்கள். டேவிஸ் 1848-ல் எட்டாவது வட்டாரத்துக்கு நின்று ஜெயித்தார். 1862 வரை அதே நாற்காலி.

நாற்காலி என்று சொல்லக் கூடாது, வண்டி என்று சொல்ல வேண்டும். எட்டாவது வட்டாரத்தில் அப்போது 14 கவுண்டிகள். வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று. நம் ஊர் கேம்ப் கோர்ட் மாதிரிதான், ஆனால் நீதிபதி மட்டும் இல்லை, வக்கீல் கூட்டமும் கூடவே நகரும். பாலம் இல்லாத ஆறு, முழங்கால் சேறு. ஊருக்குள் போய் இறங்கியதும் வழக்குக்காரர்கள் வந்து வக்கீலைப் பிடிப்பார்கள். மறுநாள் விசாரணை, இரண்டு மூன்று நாளில் அடுத்த ஊர். சனி ஞாயிறு வந்தால் மற்ற வக்கீல்கள் முடிந்தவரை வீட்டுக்கு ஓடுவார்கள். கூடவே தங்கிவிடுகிற ஆள் ஒருவர் உண்டு, ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து வந்த லிங்கன். டேவிஸ் வர முடியாத நாளில் அவர் நாற்காலியில் லிங்கனே உட்கார்ந்து வழக்கு கேட்டதும் உண்டு.

டேவிஸ் சுற்றில் இருக்கும்போதெல்லாம் சாராவுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். அரசியல் கொஞ்சம்தான். அழுக்குப் படுக்கை, மோசமான சாப்பாடு, மழை, பிள்ளைகளைப் பற்றிய விசாரிப்பு, வீட்டு ஞாபகம். இல்லினாயில் பயணம் போவதும் மூட்டைப்பூச்சிக்கும் கொசுவுக்கும் இரையாவதும் ஜனங்கள் பெருமையாகப் பேசுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை என்று 1840-களிலேயே புலம்பியிருக்கிறார். லெனாக்ஸிலிருந்த தன் மாமனார் வாக்கருக்கு 1844-ல் எழுதும்போது, இந்த மாநிலத்தில் மேடைப் பேச்சில் லிங்கனை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு வரி. லிங்கன் யார் என்றே அமெரிக்காவுக்குத் தெரியாத காலம்.

1,000 டாலரில் குடும்பம் நடக்காது. டேவிஸ் போகிற ஊரிலெல்லாம் நிலத்தின் மேல் கண் வைத்திருந்தார், வாங்கினார். அந்த மாளிகையை எழுப்பியது சம்பளம் இல்லை, நிலம். இதைச் சொன்னதும் மாமனார், "அதான பாத்தேன்" என்றார். அவர் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 12

இன்றைக்கு லிங்கன் பிறந்த நாள், இல்லினாயில் அரசு விடுமுறை. எங்களுக்கு இல்லை.

பிப்ரவரி 14

சிகாகோ மாநாடு, குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த இடம். 1860 மே மாதம். டேவிஸ் அப்போது பதவியிலிருக்கும் நீதிபதி. ட்ரீமாண்ட் ஹவுஸ் ஹோட்டலில் அறை போட்டு, எந்த மாநிலப் பிரதிநிதியை யார் போய்ப் பார்ப்பது என்று ஆட்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லோரும் நியூயார்க் செனட்டர் சீவார்டுதான் வேட்பாளர் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றாவது சுற்று ஓட்டில் லிங்கன்.

லிங்கன் ஸ்ப்ரிங்ஃபீல்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு செய்தித்தாளின் ஓரத்தில் எழுதி ஆள் மூலம் அனுப்பிய வாசகம் பிரசித்தம்: என்னைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் எதுவும் செய்யாதீர்கள். அதைப் படித்த டேவிஸ், "லிங்கன் இங்கே இல்லை, இங்கே நாம் படுகிற பாடு அவருக்குத் தெரியாது" என்று தள்ளிவிட்டதாக எல்லாப் புத்தகத்திலும் வரும்.

நானும் இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் இது கடிதத்தில் இருக்கிற வாக்கியம் இல்லை. உடன் சுற்றிய வக்கீல் ஹென்றி விட்னி பல வருஷம் கழித்துச் சொன்ன ஞாபகம். விட்னி கதையை மெருகேற்றுகிற ஆள். இண்டியானாவின் கேலப் ஸ்மித்துக்கும் பென்சில்வேனியாவின் கேமரனுக்கும் அமைச்சர் பதவி கிடைத்தது நிஜம். அதற்கு முன்பேரம் நடந்ததா, எவ்வளவு நடந்தது என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 14, இரவு

"வேட்பாளராக்கினார், நாற்காலி கிடைத்தது" என்ற கணக்கு அவ்வளவு நேராக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நான் போட்ட "ஆள்தான்" எனக்கே இப்போது உறுத்துகிறது.

லிங்கன் 1861 மார்ச்சில் பதவி ஏற்றார். உச்ச நீதிமன்றத்தில் காலியிடங்கள் இருந்தன. 1862 ஜனவரியில் ஸ்வெய்னைப் போட்டார். ஜூலையில் மில்லரைப் போட்டார். டேவிஸ் முறை வந்தது அக்டோபரில், மூன்றாவதாக. நடுவில் லிங்கனின் இன்னொரு பழைய நண்பர் பிரவுனிங்கின் பெயரும் அடிபட்டது. லெனார்ட் ஸ்வெட் என்ற வக்கீல் வாஷிங்டன் வரை போய் டேவிஸுக்காக மன்றாட வேண்டியிருந்தது. கூலி என்றால் இது ஒன்றரை வருஷ வாய்தாவுக்குப் பிறகு வந்த கூலி.

பிப்ரவரி 20

மில்லிகன் வழக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே ஆரம்பிக்கிறேன். அவரை லிங்கனின் ஆள் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும், நான் உட்பட.

லாம்ப்டின் மில்லிகன் இண்டியானாவில் ஹன்டிங்டன் ஊர் வக்கீல். உள்நாட்டுப் போரின்போது அரசுக்கு எதிராகச் சதி என்று 1864-ல் ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. ஊரில் சிவில் கோர்ட் கதவு திறந்துதான் இருந்தது, ஜூரிகள் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஆனாலும் ராணுவ ஆணையம் விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தது. தூக்கிலும் போட்டார்கள். அப்புறம் 1866-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீர்ப்பை எழுதியவர் டேவிஸ். போர்க்காலமோ அமைதிக்காலமோ, ஆள்பவர்களுக்கும் மக்களுக்கும் அரசியலமைப்பு ஒரே சட்டம்தான், கோர்ட் திறந்திருக்கிற இடத்தில் சிவிலியனை ராணுவம் விசாரிக்க முடியாது என்று. லிங்கன் ஆட்சியில் நடந்ததை லிங்கன் நியமித்த நீதிபதி அடித்துப்போட்டார். மிசா நாட்களைப் பார்த்த மாமனார் இந்த இடத்தில் மட்டும் எதுவும் கமெண்ட் அடிக்கவில்லை.

பிப்ரவரி 21

அடடா. தூக்கில் போட்டார்கள் என்று எழுதிவிட்டேன். இல்லை. 1865 மே மாதம் தேதி குறித்தார்கள், ஜனாதிபதி ஜான்சன் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். தீர்ப்பு வந்ததும் மில்லிகன் வெளியே வந்தார், மறுபடி வக்கீல் தொழில் பார்த்தார். இறந்தவர் எப்படி மனுப் போட்டார் என்று ஒருவர் கிண்டலடித்திருக்கிறார். நியாயம்தான்.

கூடுதலாக ஒன்று. வெளியே வந்த மில்லிகன் தன்னைப் பிடித்தவர்கள் மேல் நஷ்ட ஈடு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் பெஞ்சமின் ஹாரிசன், பின்னாளில் ஜனாதிபதி. ஜூரி மில்லிகன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. தொகை 5 டாலர்.

பிப்ரவரி 27

இனி காகிதங்கள். கேட்டவர் இதற்குத்தான் காத்திருக்கிறார் என்று தெரியும்.

டேவிஸ் குடும்பக் காகிதங்களில் பெரும்பகுதி ஸ்ப்ரிங்ஃபீல்டில், லிங்கன் பெயரில் இருக்கிற நூலகத்தில். ப்ளூமிங்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரம். இந்த மாதிரி வாசிப்பு அறைகளில் பேனா கூடாது, பென்சில்தான். ஒரு சமயத்தில் ஒரு பெட்டி, ஒரு கோப்பு. எடுத்த வரிசை கலையக் கூடாது. இந்த விதிகளை மாமனாரிடம் சொன்னபோது, "எங்க ரிக்கார்டு ரூம்ல எலி மட்டும்தான் விதிப்படி நடந்துச்சு" என்றார்.

எனக்குப் பிடித்தது லிங்கன் சொத்தின் நிர்வாகக் கணக்கு. லிங்கன் இறந்த அன்றே மூத்த மகன் ராபர்ட் தந்தி அடிக்கிறார்: உடனே வாஷிங்டன் வந்து அப்பாவின் காரியங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். உறவினருக்கு இல்லை, டேவிஸுக்கு. லிங்கன் உயில் எழுதவில்லை. இருபத்தைந்து வருஷம் ஊராருக்குச் சொத்து வழக்கு நடத்திய வக்கீல், தனக்கு ஒரு பக்கம் எழுதி வைக்கவில்லை. டேவிஸ் உச்ச நீதிமன்ற வேலையோடு அந்தச் சொத்தை இரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார். பத்திரங்களை வட்டிக்கு விட்டு, கடனை அடைத்து, 1867-ல் கணக்கு முடித்தபோது சுமார் 1,10,000 டாலர். மனைவி மேரி, ராபர்ட், சின்னவன் டாட், மூவருக்கும் சமபங்கு. நிர்வாகிக்குச் சட்டப்படி சேர வேண்டிய கமிஷன் ஆயிரக்கணக்கில் வரும். டேவிஸ் எடுத்துக்கொள்ளவில்லை.

மாமனாரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஜட்ஜுன்னு சொல்றீங்க, தரகர்னு சொல்றீங்க. இவர் காரியஸ்தர் மாப்பிள்ளை" என்றார். மனுஷன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், நான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மில்லிகன் அந்த வார்த்தைக்குள் அடங்குவாரா என்று கேட்டேன். "அவன் காரியம் வேற" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

பிப்ரவரி 28

நேற்று விட்டுப்போனது. லிங்கனின் சொந்தக் காகிதங்களும் இங்கேதான் இருந்தன. வெள்ளை மாளிகையிலிருந்து கட்டி, டேவிஸ் பொறுப்பில் ப்ளூமிங்டனுக்கு அனுப்பினார்கள். 1874 வரை இல்லினாயில் இருந்துவிட்டு வாஷிங்டனுக்குத் திரும்பின, லிங்கனின் பழைய செயலாளர்கள் நிக்கோலேயும் ஹேயும் வரலாறு எழுதுவதற்காக. அப்புறம் ராபர்ட் அவற்றைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார், தான் இறந்து 21 வருஷம் வரை யாரும் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் இறந்தது 1926 ஜூலை 26. பெட்டிகளைத் திறந்தது 1947 ஜூலை 26. நாங்கள் பால் வாங்கப் போகிற ஊரில் ஒன்பது வருஷம் இருந்திருக்கின்றன!

மார்ச் 4

மேரி லிங்கன் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக. 1875-ல் ராபர்ட் தன் அம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று சிகாகோ கோர்ட்டுக்குப் போனார். போகும் முன் யோசனை கேட்டவர்களில் டேவிஸ் ஒருவர். மேரி 56,000 டாலர் பத்திரங்களை உள்பாவாடையில் தைத்து வைத்துக்கொண்டு நடமாடினார் என்பது அப்போது வெளியே வந்தது. ஜூரி அன்றே முடிவு சொல்லிவிட்டது. சில மாதம் இல்லினாயிலேயே படேவியா என்ற ஊரில் ஒரு மனநல விடுதி, மறுவருஷம் இன்னொரு ஜூரி சுவாதீனம் திரும்பிவிட்டது என்றது. மேரிக்கு டேவிஸ் மேல் முன்பிருந்தே வருத்தம். பாகம் பிரியும் வரை வட்டிப் பணத்தில் வாழ வேண்டியிருந்தது, போதவில்லை.

கமிஷன் வாங்காத கதையைப் போன வாரம் சிலாகித்தேன். பணம் அளந்து கொடுக்கப்படுகிற பக்கத்திலிருந்து பார்த்தால் அதே ஆள் வேறு மாதிரி தெரிகிறார். இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 5

1877 பற்றிக் கேட்டவருக்கு: குடியரசுக் கட்சியின் ஹேய்ஸா, டெமாக்ரட் டில்டனா என்ற ஜனாதிபதித் தேர்தல் தகராறுக்கு 15 பேர் ஆணையம், அதில் ஐந்து பேர் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். கட்சிக்கு ஏழு ஏழு, ஐந்தாவது நீதிபதியாக நடுவில் டேவிஸ் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து இல்லினாய் சட்டமன்றம் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட்டது, டெமாக்ரட்டுகள் ஓட்டோடு. அவர் ஆணையத்திலிருந்து நழுவினார். அந்த இடத்துக்கு நீதிபதி பிராட்லி வந்தார், 8-க்கு 7 என்று ஹேய்ஸ் ஜெயித்தார். டெமாக்ரட்டுகள் தலையில் அவர்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்கள். டேவிஸ் தப்பித்தாரா, தள்ளப்பட்டாரா? எனக்கு அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

மார்ச் 16

கடைசியாக சாரா. அவரைப் பற்றி எழுதாமல் இழையை விட்டால் பாவம்.

டேவிஸ் வாஷிங்டன் போன பிறகும் சாரா பெரும்பாலும் ப்ளூமிங்டனில்தான். அதனால்தான் கடிதம் நிற்கவில்லை. பிறந்த பிள்ளைகளில் பெரியவர்களாகி வாழ்ந்தது ஜார்ஜும் சாலியும் மட்டும். மாளிகையில் சுடுநீர்க் குழாய், காஸ் விளக்கு, நிலக்கரிச் சூடு, எல்லாம் அன்றைக்குப் புதுசு. அதில் சாரா வாழ்ந்தது ஏழு வருஷம், 1879-ல் போய்விட்டார். டேவிஸ் 1883-ல் மறுமணம் செய்துகொண்டு, 1886-ல் அங்கேயே இறந்தார்.

மாளிகைக்குப் பக்கத்தில் சாராவின் தோட்டம் இன்னும் இருக்கிறது. போன கோடையில் டூர் முடிந்ததும் மாமனார் அங்கேதான் ரொம்ப நேரம் நின்றார். குனிந்து ஒரு செடியின் பெயர்ப்பலகையைப் படிக்கப் பார்த்தார், கண்ணாடி காரில் இருந்தது. போய் எடுத்து வருகிறேன் என்றேன். "வேணாம், வாசனையிலேயே தெரியுது" என்றார். என்ன செடி என்று கேட்டேன்.

"இங்க்லீஷ் பேரு தெரியாது."

மே மாதம் மறுபடி வருகிறாராம். இந்தத் தடவை ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கும் போக வேண்டுமாம். பென்சில் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார்.